நற்கருணை ஞாயிறுக்குப் பாட்டு அமைக்கும் முறை

கொருக்குப்பேட்டையில் குடியிருந்து, துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வாரமெல்லாம் உழைத்து, ஞாயிறு காலையில் லூத்தரன் சபையின் ஆராதனைக்குப் பாட்டு நடத்தும் பொறுப்பையும் ஏற்றிருக்கிற வாலிபர்களுக்கு, நற்கருணை ஞாயிறன்று செய்யவேண்டியவற்றைக் கிரமமாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1526ஆம் ஆண்டில் லூத்தர் ஜெர்மன் பாஷையில் ஆராதனை முறைமையை வெளியிட்டபோது, பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாடிவந்த பகுதிகளைச் சபையாருடைய வாயில் அவர்களுடைய பாஷையிலேயே வைத்துக்கொடுத்தார். ஆகையால் குழு எத்தனை நேர்த்தியாகப் பாடினாலும், பின்வரிசைப் பெஞ்சில் இருக்கும் மூதாட்டி வாய் திறவாதிருந்தால், பாட்டு நடத்தியவர் தம் கடமையைச் செய்துமுடிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

வேலை சனிக்கிழமைக்கு முன்னரே ஆரம்பமாகிறது. சபையின் நாட்காட்டியைப் பார்த்து, அது எந்தக் காலத்து ஞாயிறு என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஆகமன காலத்திலும் தபசு காலத்திலும் பீடத்திற்கு ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு, திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் நீண்ட காலத்திற்குப் பச்சை. பீடத்து வஸ்திரம் இவ்வாறு மாறுவதற்கு ஏற்பப் பாட்டும் மாறவேண்டும். தபசு காலத்தில் குளோரியாவும் அல்லேலூயாவும் பாடப்படுவதில்லை என்பதை மறந்து, பழக்கதோஷத்தால் வாசித்துவிடுகிற ஆர்மோனியக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு முந்தின நாளே நினைவூட்டிவிடுங்கள். அந்த ஞாயிறுக்குரிய நிருப வாக்கியத்தையும் சுவிசேஷ வாக்கியத்தையும் வாசித்து, ஆயர் எதைக்கொண்டு பிரசங்கிக்கப்போகிறார் என்று கேட்டறிந்த பிறகே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேண்டும்.

பாட்டுக்கு நமக்கு இரண்டு பொக்கிஷங்கள் உண்டு. ஒன்று ஞானப்பாட்டு, ஜெர்மன் மெட்டிலேயே தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடுவது. 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்து 1791இல் மறைந்த பப்ரிசியுஸ் ஐயர், நமக்கு அதிகத் தூரமில்லாத வேப்பேரியில் இருந்துகொண்டு, இவற்றில் பலவற்றை மொழிபெயர்த்தார். மற்றொன்று கீர்த்தனை, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் நம் ராகத்திலும் தாளத்திலும் இயற்றி வைத்தது. பிரவேசத்திற்கும் பிரசங்கத்திற்கு முன்னும் ஞானப்பாட்டு பொருந்தும். காணிக்கை வேளைக்கும் பந்தி வேளைக்கும் கீர்த்தனை மிகவும் பொருந்தும், ஏனெனில் ஒருவர் சரணத்தைப் பாட, நடந்துபோகிறவரும் புத்தகமின்றிப் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம்.

இனிச் சுருதி. நான் கண்டவரையில் சபையார் பாடாமற்போவதற்குப் பெரும் காரணம் பக்திக் குறைவன்று, சுருதி உயர்வே. சீர்திருத்த ஞாயிறன்று பாடப்படுகிற, 46ஆம் சங்கீதத்தை ஆதாரமாகக்கொண்ட லூத்தருடைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: அது மேல் ஸட்ஜமத்தில் எடுத்த எடுப்பிலேயே தொடங்கி, அடியின் முடிவில் கீழ் ஸட்ஜமத்திற்கு இறங்குவது. நாலு கட்டையில் வைத்துத் தொடங்கினால் முதல் வார்த்தையிலேயே ஆண்கள் கத்துவார்கள், முதியோர் மௌனமாவார்கள். ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ வைத்தால் ஆலயம் முழுவதும் பாடும். கடற்காற்றின் ஈரத்தால் ஆர்மோனியத்தின் ரீடுகளில் களிம்பேறி, சில கட்டைகள் ஊமையாவதும் தானே ஒலிப்பதும் இப்பக்கத்தில் சகஜம். ஆகவே சனிக்கிழமை மாலையே துருத்தியை நிறைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

ஒத்திகையில் மெட்டுக்கு முன் சொற்களை வசனம்போல் நிறுத்தி வாசிக்கச் செய்யுங்கள். ஜெர்மன் மெட்டின் நீண்ட ஸ்வரத்தில் தமிழின் குறில் வந்து விழும் இடங்களில் சொல் இழுபட்டு அர்த்தம் சிதையும். அவ்விடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, குறிலை நீட்டாமல் விட்டு, மிஞ்சிய காலத்தை மூச்சுக்குக் கொடுத்துவிட்டால் பொருள் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் சபையார் மூச்செடுக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியை வாத்திய அலங்காரத்தால் நிரப்புவது கூடாது.

ஆராதனை நாளில், பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் முடிந்து கீரியே எடுக்கும் வரையில் வாத்தியம் அடங்கியிருக்கட்டும். சரக்கு ரயிலுக்காக மூடிய கேட்டருகே நின்று தாமதமாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வேளையில்தான் நுழைவார்கள். அவர்களுக்கு இடங்காட்டிப் பாட்டு எண்ணைச் சொல்ல ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். இராப் பணி முடித்து நேரே வந்தவர், வழியில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டதால் பந்திக்குப் போகலாகாது என்று பின்னிற்பதுண்டு. உபவாசம் நல்ல புற ஒழுக்கமே. ஆயினும், கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் பாவமன்னிப்புக்கென்று தனக்காகவே கொடுக்கப்பட்டதாக விசுவாசிக்கிறவனே பாத்திரவான் என்று 1529ஆம் ஆண்டின் சிறிய ஞானோபதேசம் தெளிவாகப் போதிக்கிறது. இதை அவருக்கு அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள்.

ஸ்தாபக வார்த்தைகளின்போது எந்த ஒலியும் வேண்டாம். 'தேவ ஆட்டுக்குட்டி' பாடியபின் பந்தி தொடங்கும். முழங்காலிட்டவர்கள் அப்பமும் ரசமும் பெற்று எழும்வரை மிருதுவாகப் பாடி, ஆயர் ஒரு பந்தியாரை ஆசீர்வதித்து அனுப்பும்போது சரணத்தின் முடிவில் நிறுத்தி, அடுத்த பந்தியார் முழங்காலிட்டபின் மறு சரணத்தை எடுக்கவேண்டும். ஆகவே நேரத்தை உத்தேசித்துச் சரணங்கள் மிகுந்த பாட்டாக இரண்டைக் கைவசம் வைத்திருப்பது நலம். பாடகர் குழுவினர் கடைசிப் பந்தியில் சேரும்போது மட்டும் வாத்தியம் தனித்து ஒலிக்கலாம்.

நன்றி ஜெபமும் ஆரோனின் ஆசீர்வாதமும் ஆனபின், படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கு ஆயர் நற்கருணை கொண்டுபோவார். உங்களில் இருவர் உடன் செல்லுங்கள். அங்கே பாடுவதற்கு நோயாளிக்கு மனப்பாடமான பாட்டு எதுவென்று வீட்டாரிடம் முன்னரே கேட்டு, ஆலயத்தில் பாடியதைவிட ஒரு கட்டை இறக்கி எடுங்கள்.