அறிவு தெளிவாக இருக்கும்போதே எழுதவேண்டிய அற்றோணித் தத்துவம்

எமக்குத் தெரிந்த ஸ்காபுரோக் குடும்பம் ஒன்றில் தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பினார், ஆனால் பேச்சும் விளக்கமும் போய்விட்டன. வீட்டுக் கடன் அவருடைய தனிக் கணக்கிலிருந்தே கட்டப்பட்டு வந்தது. மனைவி வங்கிக்குப் போனபோது, "இதில் உங்கள் பெயர் இல்லையே, அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனைவி, பிள்ளைகள் என்றால் உரிமை தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒன்ராறியோவில் அப்படியில்லை. முன்கூட்டியே அற்றோணித் தத்துவம் எழுதி வைக்காவிட்டால், குடும்பத்தினர் பாதுகாவலர் பொறுப்புக்கு விண்ணப்பித்துத்தான் பெறவேண்டும். அதற்குக் காலமும் பணமும் செல்லும்.

ஊரில் காணி விற்பதற்குத் தத்துவம் எழுதி அனுப்பிய அனுபவம் பலருக்கு உண்டு. இது வேறு. சாதாரண தத்துவம், எழுதியவர் அறிவுத்தெளிவை இழந்தால் செல்லாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதப்படும் 'தொடரும்' தத்துவம் அதன் பின்னரும் செல்லும். தொடரும் என்பதைப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும். அற்றோணி சட்டத்தரணியாக இருக்கவேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய, நீங்கள் நம்பும் ஒருவர் போதும்.

ஆனால் நம்பிக்கை உண்மையாகவே வேண்டும். வேறுவிதமாக எழுதாவிட்டால் கையொப்பமிட்ட அன்றே அதிகாரம் தொடங்கிவிடும். மரணசாசனம் எழுதுவது தவிர, உங்கள் பணத்தில் நீங்கள் செய்யக்கூடிய அனைத்தையும் அவர் செய்யலாம். இரண்டு பிள்ளைகளை நியமித்தால், தனித்தனியாகவும் செயற்படலாம் என்று எழுதுங்கள். இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் இருவரின் சம்மதமும் தேவை.

சாட்சிகள் விடயத்தில் கவனம் வேண்டும். இரண்டு பேர் வேண்டும். உங்கள் கணவரோ மனைவியோ, பிள்ளைகளோ, அற்றோணியோ அவருடைய துணையோ சாட்சியாக முடியாது. மகனை நியமித்து மகளைச் சாட்சி வைத்தால் சரிவராது. அயலவர்களைக் கேளுங்கள்.

மறதி நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் தவறு. தன்னிடம் என்ன சொத்து உண்டு, அதன் பெறுமதி ஏறக்குறைய எவ்வளவு, தன்னில் தங்கியிருப்பவர் யார், அற்றோணி அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யக்கூடும் என்பவற்றை அவர் விளங்கிக்கொண்டால் இன்னும் கையொப்பமிடலாம். அந்த ஆரம்ப மாதங்களைத் தவறவிடக் கூடாது.

படிவம் மாகாண அரசிடம் இலவசமாகக் கிடைக்கும். வைத்திய முடிவுகளுக்கான தத்துவம் வேறு; இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம். மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்பதை அற்றோணியிடம் சொல்லி வையுங்கள்.