விளையில் கிடைப்பதை வைத்தே சத்தான சாப்பாடு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆனாலும் உதியன்குளங்கரை வீட்டு அடுப்பிலும் களியக்காவிளை வீட்டு அடுப்பிலும் இன்றைக்கும் வேகிறது ஒரே மரச்சீனியும் ஒரே பயறும்தான். விலை கூடிய சத்துமாவு டப்பா தேடி அலைய வேண்டாம். எதோடு எதைச் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில் கவனம் வைத்தால் போதும்.

1. மரச்சீனியை ஒருபோதும் தனியாகத் தின்னக் கொடுக்காதீர்கள். திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். 1942-இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது ஏழை வீடுகளின் பசியை ஆற்றியது இதுதான். அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. மரச்சீனியும் கட்டன்சாயாவுமாக ஒரு நேரத்தை ஓட்டினால் வளரும் பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு தேறாது. கூடவே சாளைக் குழம்பு வையுங்கள். பொழியூர், பூவார் கரையிலிருந்து வரும் சாளை விலையும் குறைவு. நன்றாக வெந்தால் முள்ளையும் மென்று தின்னலாம், அதில் கால்சியம் உண்டு. மீன் கூடாத வீட்டில் சிறுபயறுத் தோரன் போதும்.

வேகவைக்கும் முறையும் முக்கியம். கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தோலில் அது அதிகம். அதனால் மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தொலியையும் உரித்துவிடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாத பானையில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். மறு தண்ணீரில் உப்புப் போட்டு வேகவைத்து, அதையும் வடியுங்கள். குக்கர் இதற்கு ஆகாது. கசக்கிற கிழங்கு என்றால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பறித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். விளையில் நட விரும்புகிறவர்கள் ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா ரகங்களைக் கேட்டு வாங்கலாம். ஆறேழு மாதத்தில் பறித்துவிடலாம், அவியலுக்கும் நல்லது.

2. கஞ்சியும் பயறும் இரவுச் சாப்பாட்டுக்கு நிகரில்லாதது. அரிசியில் குறைவது பயறில் இருக்கிறது, பயறில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும். தவிடு போகாத சிவப்பு மட்டை அரிசியாக இருக்கட்டும். பயறைக் காலையிலேயே நனைய வைத்தால் மாலையில் சீக்கிரம் வேகும், வாயுவும் குறையும். தொட்டுக்கொள்ள, சுட்ட தேங்காய்த் துண்டோடு உள்ளியும் வத்தலும் புளியும் வைத்து அரைத்த சம்மந்தி.

3. சக்கை 2018-இல் கேரளத்தின் மாநிலப் பழமானது; அதன் குரு இன்னும் பல வீடுகளில் குப்பைக்குத்தான் போகிறது. மனசு பொறுக்கவில்லை. வெளியே உள்ள வெள்ளைத் தொலியை மட்டும் எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் செந்தவிட்டுத் தோல் நார்ச்சத்து, அது இருக்கட்டும். பச்சையாகத் தின்னக் கூடாது, வெந்தால்தான் செரிக்கும். மழைக்காலத்துக்கு வேண்டுமென்றால் உலர்ந்த மணலில் புதைத்து வையுங்கள்.

4. சக்கைக்குருவுக்கு ஏற்ற துணை முருங்கைக்கீரை. குருவைக் கீறி வேகவைத்து, தேங்காயும் சீரகமும் உள்ளியும் ஒதுக்கிச் சேர்த்து, கீரையைக் கடைசியில் போட்டுக் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஏற அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு சாயா குடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். சாயாவின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரத்தக் குறைவுள்ள பெண்கள் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

5. ஏத்தங்காய் விலை சரியும் நாட்களில் நான்கு சீப்பு கூட வாங்கிப் பொடி செய்துகொள்ளுங்கள். தோல் சீவி, மெல்லிய வட்டமாக நறுக்கி, துணி மூடி வெயிலில் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று முறியும் பதத்தில் பொடித்துச் சலித்தால் மாதக்கணக்கில் இருக்கும். குறுக்கிக் கொடுத்தால் வயதானவர்களுக்கு வயிற்றுக்கு இதம். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த பிறகு, தண்ணீராக இல்லாமல் கரண்டியில் நிற்கும் பதத்தில் கொடுங்கள். ஒரு வயது வரை சீனியோ கருப்பட்டியோ சேர்க்க வேண்டாம்.

6. உளுந்தங்கஞ்சியைத் தீட்டுக் காலத்துக்கும் பேறுகாலத்துக்கும் மட்டும் என்று ஒதுக்காதீர்கள். தொலி உளுந்து ஒரு பங்கு, சிவப்பரிசி இரண்டு பங்கு, பத்துப் பல் பூண்டு, ஒரு கரண்டி வெந்தயம். குழைய வெந்ததும் தேங்காய்ப்பால். வாரம் ஒருமுறை காலையில் வீட்டில் எல்லாருக்கும் கொடுங்கள், ஆண்பிள்ளைகளுக்கும்.

7. காணம் வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். நல்லமிளகும் பூண்டும் தட்டிப்போட்டால் அதுவே ரசம்.

8. கருப்பட்டியை நேராகப் பாத்திரத்தில் போடாமல், முதலில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். மழைக்காலத்தில் கசியாமல் இருக்க அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் பானையில் வையுங்கள். வெள்ளைச் சீனியைவிட இதில் தாது உப்புகள் அதிகம் இருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இனிப்பு இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சுக்கும் நல்லமிளகும் துளசியும் போட்ட காப்பியைக் கருப்பட்டி இல்லாமலே கொடுங்கள்.