ஊட்டப் பொருள் தேர்வில் உணவியல் வல்லுநரின் பொறுப்பு

கொச்சித் துறைமுக வாயிலின் வடகரையில் தொடங்கி வடக்கே நீளும் வைப்பின் தீவில் மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர் எர்ணாகுளம் நகரின் கடைகளும் மருத்துவமனைகளும் இம்மக்களுக்கு எளிதில் எட்டுவனவாயின. காளமுக்குத் துறையில் மத்தி மீன் வந்திறங்கும் இவ்வூரில், கருவுற்ற தாய்க்கு டப்பாவில் அடைத்த விலையுயர்ந்த புரத மாவைப் பரிந்துரைப்பது முறையாகுமா? மத்தியில் புரதமும் நல்ல கொழுப்பும் ஒருங்கே உள்ளன. மீன் உண்ண இயலாதவருக்கு மாவு தேவைப்படலாம். ஆனால் அத்தேவையை முடிவு செய்ய வேண்டியவர் உணவியல் வல்லுநரே அன்றி விற்பனைப் பிரதிநிதி அல்லர்.

குழந்தை உணவைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. உலக சுகாதாரப் பேரவை 1981இல் ஏற்ற நெறிமுறையைப் பின்பற்றி, நம் நாட்டில் 1992இல் குழந்தைப்பால் மாற்றுப் பொருள்கள் பற்றிய ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இதன்படி உற்பத்தியாளரோ விற்பனையாளரோ சுகாதாரப் பணியாளருக்குப் பரிசளித்தல் கூடாது. கருத்தரங்குகளுக்கு நிதி உதவுதலும் கூடாது. எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் 2021இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டதால், தாயிடம் பால் போதாத பச்சிளங்குழந்தைக்குப் பால்மாவைத் தவிர வேறு வழியும் பிறந்துள்ளது. எனினும் இச்சட்டம் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பொருள்களையே ஆள்கிறது. பெரியவர்களுக்கான புரத மாவுக்கு இது பொருந்தாது. அங்கே, நாட்குறிப்பேடும் பேனாவும் கூடப் பரிசுகளே என்பதை நினைவிற்கொள்ளல் நலம்.

இதனினும் கடினமான சோதனை ஒன்று உண்டு. அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களை விலக்கி, கிராமச் சமூகத்தையும் மகளிர் குழுக்களையும் பயன்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் ஆணையிட்டது. கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ மாவைக் குடும்பஸ்ரீ மகளிர் தயாரிக்கின்றனர். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை ஆகியவை இதில் சேர்கின்றன. வருவாய் ஊரிலேயே தங்குகிறது. இது போற்றத்தக்க ஏற்பாடு.

ஆனால் கடலும் காயலும் சூழ்ந்த இடத்தில், மழைக்காலத்தில், ஈரம் ஏறிய நிலக்கடலையில் பூஞ்சணம் எளிதில் பற்றும். அதனால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு ஈரலைத் தாக்கும், நாவுக்குத் தெரியாது, வழக்கமான சமையல் வெப்பத்தில் முற்றிலும் அழிவதும் இல்லை. பெரிய நிறுவனத்தின் சரக்கைத் திருப்பியனுப்பத் தயங்காத அதிகாரி, அண்டை வீட்டுப் பெண்கள் உழைத்துச் செய்த மாவைத் திருப்பியனுப்ப மனம் கூசுவார். அந்த இரக்கமும் ஒரு சார்புதான். பரிசுக்குத் தடையுண்டு; இரக்கத்திற்குத் தடைவிதிக்கும் சட்டம் இல்லை.

ஆகவே ஆய்வக அறிக்கை வரும்வரை எந்தத் தொகுதியையும் வழங்குவதில்லை என்னும் நிபந்தனையை, வழங்குபவர் யாராயினும், கொள்முதலுக்கு முன்னரே எழுத்தில் வைத்தல் வேண்டும். கடலையை உலர்த்தவும் சேமிக்கவும் குழுவினருக்கு வசதி செய்து தருவதும் அத்துறையின் கடமையே. தொகுதி நிறுத்தப்படும் நாட்களில் குழந்தைக்கு அரிசியும் பயறும் எங்கிருந்து வரும் என்பதையும் அதே ஆவணத்தில் குறித்துவிட வேண்டும்.