புத்தாண்டு இலக்கு: முதலில் நேரத்தை ஒதுக்குங்கள்

புது டைரியில் எதையும் எழுதுவதற்கு முன், டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்: முடியப்போகும் ஆண்டின் நாட்காட்டி, வங்கிக் கணக்கு விவரம், கடைசி அப்ரைசலில் மேலாளர் சொன்னவை. நேரம் எங்கே போனது, பணம் எங்கே போனது, அலுவலகம் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அடுத்த ஆண்டுக்கான இலக்கு இந்த மூன்றிலிருந்துதான் வர வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜிம்மில் சேர்கிறார்கள் என்பதற்காக எடுக்கும் உறுதி நம் நாட்களோடு ஒட்டாது.

வேலைக்கு ஒன்று, உடம்புக்கோ வீட்டுக்கோ ஒன்று என இரண்டே இலக்குகளைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஆசைகளைத் தனித்தாளில் எழுதி ஏப்ரல் வரை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஓர் உதாரணத்தோடு போவோம். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார் ஒரு பெண். டேலி, எக்செல் இரண்டும் நன்றாகத் தெரியும். வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை. பவர் பிஐ கற்று டேட்டா வேலைக்கு நகர வேண்டும், சம்பளமும் கூட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“சம்பளம் உயர வேண்டும்” என்று அவர் எழுதினால் முடிவு வேறொருவர் கையில் இருக்கிறது. “ஒவ்வொரு மாதமும் கையால் தயாரிக்கும் செலவு அறிக்கையை, பிப்ரவரி முடிவதற்குள் எக்செல்லில் ஒரே டெம்ப்ளேட்டாக மாற்றி மேலாளரிடம் காட்டுவேன்” என்று எழுதினால் அது முழுக்க அவர் கையில். எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து 1990இல் நூலாகத் தந்த முடிவும் இதை ஒட்டியதே: ‘முடிந்தவரை செய்கிறேன்’ என்பவர்களைவிட, தெளிவான, சற்றே கடினமான இலக்கை ஏற்றவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை இதில் உண்டு. அந்த வேலைக்கான திறமை ஏற்கெனவே கைவசம் இருக்க வேண்டும். எக்செல் தெரிந்தவர் அதற்குக் கெடு வைக்கலாம். பவர் பிஐ அவருக்குப் புதிது. அங்கே “ஜூனுக்குள் பத்து டாஷ்போர்டு” என்று எண்ணிக்கை வைத்தால் பதற்றம்தான் மிஞ்சும். எதைக் கற்கப்போகிறோம் என்று மட்டும் எழுதினால் போதும்.

அடுத்த வேலை, இலக்கை வேலைப்பளுவின் மேல் வைத்துப் பார்ப்பது. அவருக்கு மாதத்தின் 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று வரிக் கெடுக்கள் உண்டு. இந்த நாட்களை ஒட்டிப் படிப்பை வைத்தால் முதல் மாதமே தவறிப்போகும். 21 முதல் 27 வரை மூச்சுவிட முடியும். கடினமான பாடங்களை அங்கே வையுங்கள். மார்ச் ஆண்டிறுதிக் கணக்கு மாதம், எனவே அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். நம் நாட்டில் பல நிறுவனங்கள் ஏப்ரல்–மார்ச் நிதியாண்டை ஒட்டித்தான் அப்ரைசல் நடத்துகின்றன. ஊதிய உயர்வு கேட்பவருக்கு ஜனவரி தொடக்கமல்ல, கடைசிக் காலாண்டு. செய்த வேலைக்கான ஆதாரத்தை அதற்குள் சேர்த்துவிட வேண்டும். உங்கள் தொழிலுக்கும் இப்படி நெருக்கடி நாட்கள் இருக்கும். முதலில் அவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

உடற்பயிற்சிக்கும் இதே கணக்குதான். நடைப்பயிற்சி என்றால் மே மாத வெயிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் வந்தே தீரும். கோடையில் விடியும் முன் நடை, மழை நாளில் வீட்டுக்குள் அரை மணி யோகா என்று மாற்றை இப்போதே எழுதிவிடுங்கள்.

அதன்பிறகு நேரத்தையும் இடத்தையும் குறித்துவிடுங்கள். “தினமும் படிப்பேன்” என்று எழுதாமல், “செவ்வாய், வியாழன் இரவு எட்டரைக்கு, குழந்தையின் மேஜையில், ஒரு மணி நேரம்” என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின.

ஆனால் அந்த இரவு எட்டரை மணி யாருடையது? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளியைத் தொடாமல் ஒரு பெண்ணிடம் ‘அதிகாலை நாலு மணிக்கு எழுந்து படி’ என்று சொல்லும் எந்த ஆலோசனையையும் நான் ஏற்கமாட்டேன். அது அவருடைய தூக்கத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. இலக்கு எழுதும் அதே வாரத்தில் வீட்டில் பேசுங்கள், நாள் குறிப்பிட்டுப் பேசுங்கள். “செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சாப்பாடும் பிள்ளையோட ஹோம்வொர்க்கும் நீங்க பாத்துக்கங்க. எட்டரையிலேருந்து ஒன்பதரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க.” இப்படிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வீட்டில் ஒருவரின் வருமானமும் மதிப்பும் உயர்ந்தால் அது எல்லோருக்கும்தான். கணவர்கள் இதைப் படித்தால், கேட்கும்வரை காத்திராமல் அந்த இரண்டு இரவுகளை நீங்களே முன்வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பணச்செலவு இருந்தால் சம்பள நாளிலேயே தானாகக் கழியும்படி சிறிய ஆர்டி ஒன்று போடலாம். படிப்புக்குப் பெரிய தொகை கட்டும் முன் என்பிடெல் இணையப் பாடங்களைப் பாருங்கள். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை தொடங்குகின்றன. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் உண்டு.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்பி மனம் தளராதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே வியாழன் தவறினால் அடுத்த செவ்வாய் உட்காருங்கள். தவறிய மணியை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்ட வேண்டாம். அது ஓய்வுக்கான நாள்.

மாதக் கடைசியில் இருபது நிமிடம், எத்தனை அமர்வு நடந்தது, எது தடுத்தது என்று மட்டும் குறியுங்கள். முதல் பெரிய மறுபார்வைக்குச் சித்திரைப் பிறப்பு நல்ல நாள். ஏப்ரல் 14 விடுமுறை, ஆண்டிறுதி நெருக்கடியும் சற்றுத் தணிந்திருக்கும். உள்ளே வைத்த தனித்தாளை அன்று எடுங்கள். திட்டமிட்ட அமர்வுகளில் பாதிகூட நடக்கவில்லை என்றால் முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவு ஒத்துவராவிட்டால் மதிய உணவு இடைவேளையில் அரை மணி. ஜூன் முடியும்வரை அதுவும் நடக்கவில்லை என்றால், அந்த இலக்கை நல்லபடியாக விட்டுவிட்டு, தனித்தாளிலிருந்து வேறொன்றை ஜூலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.