ஒரு டிஷ், நான்கு அறைகள்: கடை மாடி வீட்டுக்கு டி.வி. இணைப்பு



தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நம் பகுதியில் எந்தக் கடைவீதியை எடுத்துக் கொண்டாலும் நம்மவர் வீடு பெரும்பாலும் கடைக்கு மேலேதான் இருக்கிறது. கீழே கடையும் சரக்கு அறையும், முதல் மாடியில் பெரியவர்கள், இரண்டாம் மாடியில் மகன் குடும்பம். ஒரு வீட்டில் மூன்று, நான்கு டி.வி. இருப்பது இன்று ஆடம்பரம் அல்ல. பாட்டிக்குப் பக்திச் சானல், மகனுக்குக் கிரிக்கெட், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், மருமகளுக்குத் தொடர்.

மொட்டை மாடியில் டிஷ் ஒன்று இருக்கிறதே, அதிலிருந்தே எல்லா அறைக்கும் பிரித்துக் கொள்ளலாம் என்று நினைத்து, ஒரு ஸ்பிளிட்டரை வாங்கிப் போடுகிறோம். மேல் அறையில் படம் வந்தால் கீழ் அறையில் போய்விடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்கிறோம். பிறகு செட்டாப் பாக்ஸை மாற்றுகிறோம். பணம்தான் போகிறது, குறை தீரவில்லை. காரணம், குறை டிஷ்ஷிலும் இல்லை, பாக்ஸிலும் இல்லை. பிரித்த முறையில்தான் இருக்கிறது.

கேபிள் பழக்கம் டிஷ்ஷுக்கு உதவாது

1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகு ஊருக்கு ஊர் பெரிய வலை டிஷ்களை வைத்துக் கேபிள் நடத்துவோர் பெருகினார்கள். அவர்கள் எல்லாச் சானல்களையும் தங்கள் இடத்திலேயே பிரித்து அடுக்கி, ஒரே வயரில் ஒன்றாக அனுப்பினார்கள். அதனால் வீட்டில் ஸ்பிளிட்டர் போட்டால் எல்லா அறைக்கும் எல்லாச் சானலும் போயிற்று. டிஜிட்டல் முறை வந்த பிறகு டி.வி.க்கு ஒரு பாக்ஸ் தேவைப்பட்டதே தவிர, வயரைப் பிரிக்கும் முறை மாறவில்லை.

வீட்டுக்கே நேரடியாக வரும் டி.டி.எச். சேவையில் 2003-ல் டிஷ் டி.வி.யும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச சேவையும் வந்தன. டாடா ஸ்கை, சன் டைரக்ட், ஏர்டெல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இவற்றில் சானல்களைப் பொறுக்கி எடுக்கும் வேலை நம் மொட்டை மாடியில் நடக்கிறது. கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் உள்ள இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்து கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எல்.என்.பி. என்னும் குடோன் ஆள்

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் சிறு கருவிதான் எல்.என்.பி. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் சுமார் 10.7 முதல் 12.75 கிகா ஹெர்ட்ஸ் வரை. அவ்வளவு உயர்ந்த அலை சாதாரண வயரில் ஓடாது. எல்.என்.பி. அதை 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸுக்கு இறக்கி, பெருக்கி, வயரில் அனுப்புகிறது.

சானல்கள் செங்குத்து, கிடை என்று இரண்டு அமைப்பில் வரலாம். ஒவ்வொன்றிலும் கீழ் வரிசை, மேல் வரிசை என்று இரண்டு பிரிவு இருக்கலாம். ஆக நான்கு கதவுள்ள குடோன் என்று வைத்துக் கொள்ளுங்கள். எல்.என்.பி. அந்தக் குடோன் ஆள். அவர் ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் திறப்பார். எந்தக் கதவு என்று அவருக்குச் சொல்வது அறையில் இருக்கும் செட்டாப் பாக்ஸ். வயர் வழியாகவே 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. அதனுடன் 22 கிலோ ஹெர்ட்ஸ் சைகையும் சேர்ந்தால் மேல் வரிசை, சேராவிட்டால் கீழ் வரிசை.

இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு அறையிலிருந்து இரண்டு உத்தரவு போனால் என்ன ஆகும்? பாட்டியின் பாக்ஸ் 13 வோல்ட் கேட்கிறது. மகனின் பாக்ஸ் 18 வோல்ட் கேட்கிறது. வயரில் கூடுதல் வோல்ட்தான் நிற்கும். மகனுக்குக் கிரிக்கெட் வரும், பாட்டிக்குத் திரை கறுப்பாகும். ஸ்பிளிட்டர் போட்ட வீடுகளில் நடப்பது இதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் பார்க்கும் சேவையின் சானல்கள் அத்தனையும் ஒரே அமைப்பில், ஒரே வரிசையில் வந்தால் ஸ்பிளிட்டர் வேலை செய்யும். அப்போதும் கேபிள் ஸ்பிளிட்டர் ஆகாது. அதன் மேல் 5-1000 மெகா ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். டிஷ்ஷுக்கு 2150-க்குக் குறையாத எல்லையும், மின்சாரத்தைக் கடத்தும் வசதியும் உள்ள ஸ்பிளிட்டர் வேண்டும்.

எத்தனை அறைக்கு எதை வாங்குவது

இரண்டு டி.வி.: இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. போதும். ஒவ்வொரு வாயிலிருந்தும் தனி வயர்.

மூன்று அல்லது நான்கு டி.வி.: நான்கு வாய் உள்ள ‘குவாட்’ எல்.என்.பி. எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கும் நான்கு தனி ஆட்களுக்குச் சமம். ஒருவர் உத்தரவு மற்றவரைப் பாதிக்காது. நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே சரி.

நான்குக்கு மேல்: ‘குவாட்ரோ’ எல்.என்.பி.யும் மல்டி ஸ்விட்சும் சேர்ந்து வேண்டும். குவாட்ரோவின் நான்கு வாயும் ஆளுக்கு ஒரு கதவில் மட்டும் நிற்கும். மல்டி ஸ்விட்ச்தான் ஒவ்வொரு அறை கேட்பதையும் சரியான கதவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

குவாட், குவாட்ரோ என்று பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. குவாட்ரோவை நேராக அறைக்கு இழுத்தால் ஒவ்வோர் அறையிலும் கால்வாசிச் சானல்தான் வரும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எல்.என்.பி. உங்கள் நிறுவனத்தின் சேவைக்கு ஏற்றதா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

சுவருக்குள் ஒரே வயர்தான் போயிருக்கிறது, உடைக்க மனமில்லை என்றால், ஒரே வயரில் பல பாக்ஸுக்கும் தனித்தனி அதிர்வெண் ஒதுக்கித் தரும் ‘யூனிகேபிள்’ எல்.என்.பி. இருக்கிறது. பாக்ஸும் அந்த முறையை ஏற்பதாக இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தில் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

எல்லா அறையிலும் ஒரே சானல் ஓடினால் போதும் என்பவர்கள் ஒரே பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வழியாகப் படத்தைப் பிரித்துக் கொள்ளலாம். வீட்டு விசேஷத்துக்கு இது உதவும். அன்றாடத்துக்கு, ரிமோட் யார் கையில் என்ற சண்டைதான் மிஞ்சும்.

வயரில் ஏற்படும் சேதாரம்

சரக்கு லாரியில் வரும்போது சேதாரம் கழிவது போல, சிக்னலும் வழியில் குறைகிறது. இதை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் பாதியாகிறது. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

ஆர்.ஜி.6 என்னும் வயரில் மேல் அதிர்வெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபல் போகும். இரண்டு வழி ஸ்பிளிட்டர் சுமார் 4, நான்கு வழி ஸ்பிளிட்டர் சுமார் 8 டெசிபல் தின்னும். மொட்டை மாடியிலிருந்து கடைக்கு 27 மீட்டர் வயர் என்றால் அதில் 8 டெசிபல். நடுவில் நான்கு வழி ஸ்பிளிட்டரும் போட்டால் மொத்தம் 16. புறப்பட்ட சிக்னலில் நாற்பதில் ஒரு பங்குதான் வந்து சேரும். வெயில் நாளில் அதுவும் போதும். மேகம் திரண்டு மழை பிடிக்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். ஸ்பிளிட்டர் இல்லாத வீட்டில் கடைசி வரை படம் நிற்கும், போட்ட வீட்டில் தூறலிலேயே கட்டம் கட்டமாக உடையும்.

வயரின் நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பது நல்லது. செம்புப் பூச்சுள்ள இரும்புக் கம்பி மலிவு. ஆனால் நீளம் கூடினால் 18 வோல்ட் மேலே போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக் கொண்டால் சில சானல் மட்டும் வராது. வெட்டி ஒட்டிய இணைப்பு கூடாது. வெளியில் இருக்கும் கனெக்டருக்கு ரப்பர் மூடி வேண்டும். தண்ணீர் ஒருமுறை உள்ளே இறங்கினால் அந்த வயர் கெட்டது என்றே கணக்கு.

மலை மறைக்குமா?

ஒரு காலத்தில் கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, இரும்புக் குழாயை உயர்த்திக் கட்டிய பழக்கத்தில் பலர் இன்றும் இதைக் கேட்கிறார்கள். அந்த அலை தரையை ஒட்டி வந்தது, மலை மறைத்தது. டிஷ்ஷுக்கு அந்தக் கவலை இல்லை. இலவச சேவையான ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. நம் பகுதியிலிருந்து அது தென்கிழக்கு வானில், அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். மேகமலை அவ்வளவு உயரத்துக்கு மறைக்காது.

சிறிய டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் டிஷ் பார்ப்பதற்கு மலையை நோக்குவது போல இருந்தாலும் உண்மையில் மேல் வானத்தைத்தான் பார்க்கிறது. மறைப்பது மலை அல்ல, பக்கத்துத் தென்னையும் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியுமே. தென்னை வளரும் என்பதையும் நினைத்து இடம் பாருங்கள்.

இடியும் மின்கசிவும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

கடைக்கு வணிக மின் இணைப்பு தனி, வீட்டுக்கு இணைப்பு தனி. இரண்டுக்கும் நடுவில் டி.வி. வயரின் வெளிக் கம்பி வலை மொட்டை மாடி முதல் கடை வரை ஒரே உலோகப் பாதையாக இறங்குகிறது. ஒரு மாடியில் எர்த் சரியில்லாமல் மின்கசிவு ஏற்பட்டால், அது இந்த வலை வழியாக மற்ற மாடிக்கும் வரலாம். பாக்ஸைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் அலட்சியம் வேண்டாம். உடனே எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

டிஷ்ஷின் இரும்புத் தாங்கியையும் வயர்களின் வெளி வலையையும் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியால் கட்டடத்தின் எர்த்துடன் சேர்க்க வேண்டும். எல்லா மாடியின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். இதற்குத் தகுதி உள்ள எலக்ட்ரீசியனே வேண்டும், டிஷ் மாட்ட வரும் பையனிடம் விடக் கூடாது.

இது நேரடி இடியைத் தடுக்காது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் வானம் கறுத்தவுடனேயே பவர் பிளக்கையும், டிஷ் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்றி விடுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடக் கூடாது. பிளக்கை மட்டும் பிடுங்கி டிஷ் வயரை விட்டுவிட்டால் பாதிக் கதவை மட்டும் பூட்டியதற்குச் சமம். கடையில் அதே பலகையில் எலக்ட்ரானிக் தராசும் பில் போடும் கம்ப்யூட்டரும் இருந்தால் நட்டம் டி.வி.யோடு நிற்காது.

கட்டணமும் சட்டமும்

ஒவ்வொரு டி.வி.க்கும் பாக்ஸும் சந்தாவும் தனி. ஒரே வீட்டின் இரண்டாவது, மூன்றாவது டி.வி.க்கு நெட்வொர்க் கட்டணம் முதல் டி.வி.யின் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் திருத்தம் கொண்டு வந்தது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டண உச்சவரம்பை ஆணையம் எடுத்து, நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. ஆகவே விலை கேட்காமல் சரக்கு எடுக்காதது போல, கூடுதல் டி.வி.க்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

வீட்டுச் சந்தா உங்கள் குடும்பத்துக்கு மட்டுமே. வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் டி.வி. ஓடினால் அது வணிகப் பயன்பாடு, அதற்குச் சந்தா வேறு. பின்னால் உள்ள வாடகை வீடுகளுக்கும் நம் டிஷ்ஷிலிருந்து இழுத்துக் கொடுத்து மாதம் பணம் வாங்குவது, 1995-ம் ஆண்டின் கேபிள் டி.வி. ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். சில நூறு ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்

1. இன்று எத்தனை டி.வி., ஐந்து வருடத்தில் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். எல்.என்.பி.யை அதற்கு ஏற்ப வாங்குங்கள்.

2. டிஷ்ஷிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். 12, 18, 27 மீட்டர் என்றால் மொத்தம் 57. திருப்பங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கொள்ளுங்கள்.

3. புது வீடு கட்டுவோர் சுவர் பூசும் முன்பே அறைக்கு ஒரு குழாய் பதித்து விடுங்கள். மின் வயர் போகும் குழாயில் டி.வி. வயர் போகக் கூடாது. நாளை இன்டர்நெட் வழியே டி.வி. பார்ப்பதானாலும் அந்தக் குழாய் வீண் போகாது.

4. வயரின் இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

5. மெக்கானிக் கிளம்பும் முன், எல்லா டி.வி.யையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சானல் வைத்து, எல்லாவற்றிலும் படம் நிற்கிறதா என்று பாருங்கள். பாக்ஸின் மெனுவில் சிக்னலின் வலிமை, தரம் இரண்டும் தெரியும். இரண்டையும் அறைவாரியாகக் குறித்து வையுங்கள்.

6. பின்னாளில் குறை வந்தால், எல்லா அறையிலும் ஒன்றாகப் போனால் மழையோ டிஷ்ஷோ காரணம். ஓர் அறையில் மட்டும் போனால் அந்த அறையின் வயர், பாக்ஸ், எல்.என்.பி.யின் அந்த ஒரு வாய் ஆகியவற்றில் ஒன்று. ஓர் அறையில் சில சானல் மட்டும் போனால் வோல்ட் போய்ச் சேரவில்லை. இவ்வளவும் தெரிந்து கொண்டு மெக்கானிக்கிடம் பேசினால் தேவையில்லாத சாமானை உங்கள் தலையில் கட்ட முடியாது.

அறைக்கு ஒரு வயர், டி.வி.க்கு ஒரு பாக்ஸ், கட்டடத்துக்கு ஒரே நல்ல எர்த். முதலிலேயே இதைச் செய்துவிட்டால் செலவு ஒருமுறையோடு போகும்.