28 பெரிதா, 29 பெரிதா? மலைப்பாதையில் ஒரு சக்கரக் கணக்கு



28 பெரிதா, 29 பெரிதா என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் மிதிவண்டிச் சக்கரங்களின் உலகில் இந்தக் கேள்விக்குச் சற்று நிதானித்தே விடை சொல்ல வேண்டும். நம் ஊர்த் தாத்தாக்கள் ஓட்டிய உயரமான கறுப்பு சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். இன்றைய மலை மிதிவண்டிகளில் வரும் பெரிய சக்கரம் 29 அங்குலம். இரண்டின் டயர்களையும் கழற்றிவிட்டு, வெறும் ரிம்களை அருகருகே நிறுத்திப் பாருங்கள். 28 அங்குல ரிம்தான் பெரியதாக இருக்கும்!

இது வெறும் வேடிக்கை அன்று. கொடைக்கானலிலோ, வத்தலக்குண்டிலோ, தாண்டிக்குடியிலோ வாழும் ஒரு மாணவருக்கு அண்ணன் ஓட்டிய பழைய மலை மிதிவண்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சக்கரம் 26 அங்குலம். புதிய மலை மிதிவண்டிகள் பலவும் 27½ அல்லது 29 அங்குலச் சக்கரங்களோடு வருகின்றன. "சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டால் இதுவும் புது வண்டிதான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றலாமா? மாற்றினால் என்ன ஆகும்? காசு செலவழிப்பதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெயர் வேறு, அளவு வேறு

சக்கரத்தின் அங்குலக் கணக்கு ரிம்மின் அளவைச் சொல்வதில்லை. டயரையும் சேர்த்த வெளி விட்டத்தையே அது குறிக்கிறது. டயர் ரிம்மின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் இருப்பதால், டயரின் பருமனை இரண்டு முறை கூட்ட வேண்டும்.

வெளி விட்டம் = ரிம்மின் இருக்கை விட்டம் + 2 × டயரின் பருமன்

'இருக்கை விட்டம்' என்பது டயரின் ஓரக் கம்பி ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இனி இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

பழைய கறுப்பு சைக்கிள், 28 × 1½ : ரிம் 635 மி.மீ., டயர் 38 மி.மீ., வெளி விட்டம் 711 மி.மீ.
மலை மிதிவண்டி, 29 : ரிம் 622 மி.மீ., டயர் 57 மி.மீ., வெளி விட்டம் 736 மி.மீ.
மலை மிதிவண்டி, 27½ : ரிம் 584 மி.மீ., டயர் 57 மி.மீ., வெளி விட்டம் 698 மி.மீ.
சாதாரண சைக்கிள், 26 × 1⅜ : ரிம் 590 மி.மீ., டயர் 35 மி.மீ., வெளி விட்டம் 660 மி.மீ.
பழைய மலை மிதிவண்டி, 26 : ரிம் 559 மி.மீ., டயர் 51 மி.மீ., வெளி விட்டம் 661 மி.மீ.

கடைசி எண்களை 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள். பெயரில் உள்ள அங்குலம் வந்துவிடும். புதிர் விடுபட்டது அல்லவா? 28 அங்குலச் சக்கரத்தில் பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் உள்ளன. 29 அங்குலச் சக்கரத்தில் சிறிய ரிம்மும் தடித்த டயரும் உள்ளன.

பட்டியலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. '26' என்ற ஒரே பெயரில் 559, 590 என்று இரண்டு ரிம்கள் உள்ளன. ஒன்றின் டயர் மற்றொன்றில் சேராது. கணக்குப் பாடத்தில் 1.75-உம் 1¾-உம் ஒன்றே. டயர்க் கடையிலோ 26 × 1.75 என்பது 559 மி.மீ. ரிம்முக்கும், 26 × 1¾ என்பது 571 மி.மீ. ரிம்முக்கும் உரியது! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே டயரின் பக்கச் சுவரில் 50-559 என்பது போன்ற எண் அச்சிடப்படுகிறது. முதல் எண் டயரின் பருமன். இரண்டாவது எண் ரிம்மின் இருக்கை விட்டம். கடைக்குப் போகும்போது இந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

பெரிய சக்கரத்தால் என்ன நன்மை?

ஒரே 50 மி.மீ. டயரை மூன்று ரிம்களிலும் மாட்டியதாகக் கொள்வோம். வெளி விட்டங்கள் 659, 684, 722 மி.மீ. ஆகும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சாலையின் நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய ஏரி இது. இதை ஒருமுறை சுற்றிவர 26 அங்குலச் சக்கரம் சுமார் 2,400 தடவை சுழலும். 27½ சுமார் 2,300 தடவை. 29 சுமார் 2,200 தடவை.

உண்மையான நன்மை கரடுமுரடான பாதையில் தெரியும். பழனி மலைத் தொடர் சார்னோகைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. தோட்டங்களுக்குச் செல்லும் மண்பாதைகளில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். 5 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் முன்சக்கரத்தைத் தடுக்கிறது என்க. சக்கரத்தின் மீது 40 கிலோகிராம் எடை இருக்கிறது. கல்லின் விளிம்பைச் சுழற்சி மையமாகக் கொண்டு கணக்கிடுவோம்.

சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. என்றால், கல்லின் விளிம்புக்கு மேல் அச்சின் உயரம் 33 − 5 = 28 செ.மீ. பித்தகோரஸ் தேற்றப்படி, விளிம்பிலிருந்து அச்சின் கிடைத்தொலைவு ஏறக்குறைய 17½ செ.மீ. ஆகவே அச்சைக் கிடையாகத் தள்ளவேண்டிய விசை 40 × 17½ ÷ 28 = 25 கிலோகிராம் எடை. ஆரம் 36 செ.மீ. என்றால் இதே கணக்கு ஏறக்குறைய 23½ கிலோகிராம் எடை என்று விடை தரும். பெரிய சக்கரம் கல்லை எளிதாக ஏறுகிறது. ஆனால் மிச்சம் நூற்றுக்கு ஆறு அளவே.

ஏற்றத்தில் அதற்கு ஒரு விலை

இனி சாலை ஏற்றத்துக்கு வருவோம். 100 மீட்டர் சென்றால் 6 மீட்டர் உயரும் ஏற்றம் என்று கொள்க. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 75 கிலோகிராம். ஈர்ப்பு விசை பின்னோக்கி இழுக்கும் பங்கு 75 × 6 ÷ 100 = 4½ கிலோகிராம் எடை.

இந்த விசை சக்கரத்தின் விளிம்பில் செயல்படுகிறது. முன்னும் பின்னும் 28 பற்கள் கொண்ட பற்சக்கரங்களில் செயின் இருக்கிறது. பெடல் கட்டையின் நீளம் 17 செ.மீ. நெம்புகோல் விதிப்படி, 33 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்குக் கால் கொடுக்கவேண்டிய விசை 4½ × 33 ÷ 17 = 8.7 கிலோகிராம் எடை. 36 செ.மீ. ஆரத்துக்கு அது 9.5 ஆகிவிடும். உராய்வையும் காற்றின் தடையையும் இங்கே விட்டுவிட்டோம்.

வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றலாம். ஆனால் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிறவர் இந்தக் கூடுதல் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை கொடுக்க வேண்டும். பெரிய சக்கரம் மாட்டுவது, கேட்காமலே ஒரு கடினமான கியரைப் போட்டுவிடுவதற்குச் சமம். அதை ஈடுசெய்ய, பின்னால் 30 அல்லது 32 பற்கள் கொண்ட பற்சக்கரமும் வாங்க வேண்டிவரும்.

இறக்கமும் பிரேக்கும்

இதுவரை கண்டது சௌகரியக் கணக்கு. இனி வருவது உயிர்க் கணக்கு.

மலை மிதிவண்டியின் பிறப்பிலேயே பிரேக்கின் கதை கலந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970-களில் இளைஞர்கள் சிலர் தடித்த டயர் போட்ட பழைய 26 அங்குல சைக்கிள்களில் மலைச்சரிவுகளில் இறங்கினார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். சுமார் 400 மீட்டர் இறங்குவதற்குள் பின்சக்கர ஹப்பில் இருந்த பிரேக் சூடாகி, அதிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் வண்டி ஓடும். ஆங்கிலத்தில் 'மறுபடி அடைத்தல்' என்பதே அந்தப் பெயரின் பொருள்.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டுச் சமவெளிக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். நிலையாற்றல் 75 × 9.8 × 1,800 = சுமார் 13 லட்சம் ஜூல். ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கும்போது பெரும்பகுதியைப் பிரேக்தான் ஏற்க வேண்டும்.

பழைய மலை மிதிவண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ரிம் பிரேக். இரண்டு ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் பக்கங்களைப் பிடிக்கும். இந்தப் பிரேக்கைத் தாங்கும் முளைகள் பிரேமில் 559 மி.மீ. ரிம்முக்கென்றே பற்றவைக்கப்பட்டவை. அவற்றை நகர்த்த முடியாது. 584 மி.மீ. ரிம் மாட்டினால் பிடிக்கவேண்டிய இடம் 12½ மி.மீ. விலகிவிடும்; 622 மி.மீ. ரிம்மில் 31½ மி.மீ. விலகிவிடும். கட்டையை மேலும் கீழும் நகர்த்த உள்ள துளையில் பெரும்பாலும் இவ்வளவு இடம் இருக்காது. கட்டை ரிம்மைத் தவறவிட்டு ஸ்போக் கம்பிகளின் பக்கம் போகும். சமதரையில் இது தொல்லை. மலை இறக்கத்தில், எதிரே பேருந்து வரும் வளைவில், இது பேராபத்து.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பிரேக், சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கிறது. ரிம் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இடம் போதுமா?

பிரேக் ஒத்துவந்தாலும், சக்கரம் சுழல பிரேமில் இடம் வேண்டும். 29 அங்குலச் சக்கரத்தை அதே பருமனுள்ள டயரோடு மாட்டினால் டயர் 31½ மி.மீ. மேலேறும். 26 அங்குலத்துக்கென்று செய்த பிரேமில் அது உரசிவிடும், அல்லது நுழையவே நுழையாது. சேற்றுக்கும் வளைந்த ரிம்முக்கும் டயரைச் சுற்றிக் குறைந்தது 6 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும்.

"மெல்லிய டயர் போட்டு 27½ சக்கரத்தை நுழைத்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். கணக்கு என்ன சொல்கிறது?

27½ ரிம், 45 மி.மீ. டயர் : 584 + 90 = 674 மி.மீ.
26 ரிம், 58 மி.மீ. டயர் : 559 + 116 = 675 மி.மீ.

இரண்டும் ஏறக்குறைய ஒரே சக்கரம்! கல்லை ஏறுவதில் வேறுபாடு இல்லை. ஆனால் தடித்த டயரில் காற்று அதிகம். சிறு கற்கள் அதன் மேற்பரப்பில் அமிழ்ந்துவிடும். அதிர்ச்சி கைக்கு வராது. தளர்ந்த மண்ணில் பிடிப்பும் கூடும். புதிய சக்கரம் வாங்கிப் பெறுவதைவிட அதிகமான பயன் ஒரு புதிய டயரிலேயே கிடைத்துவிடுகிறது.

முடிவு என்ன?

உங்கள் வண்டி ரிம் பிரேக் உள்ளதானால் 559 ரிம்மையே வைத்துக்கொள்ளுங்கள். பிரேம் இடங்கொடுக்கும் அளவுக்குத் தடித்த நல்ல டயர், புதிய பிரேக் கட்டைகள், புதிய பிரேக் கம்பி ஆகியவற்றுக்குப் பணத்தைச் செலவிடுங்கள். டிஸ்க் பிரேக் இருந்து, அளந்து பார்த்ததில் இடமும் இருந்தால், 27½ பற்றி எண்ணிப் பார்க்கலாம். அப்போதும் பெடல்கள் சற்று உயர்ந்து, வண்டி திரும்பும் தன்மை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். 29 வேண்டுமானால் அதற்கென்றே செய்த பிரேம் வேண்டும். எந்த மாற்றத்தைச் செய்தாலும், முதலில் சமதரையில் பிரேக்கைச் சோதித்துவிட்டுப் பிறகே இறக்கத்துக்குச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியில் அமர்ந்து ஒரு முழுச் சுற்று உருட்டி, கடந்த தூரத்தை அளந்து பாருங்கள். கணக்கிட்ட சுற்றளவைவிட அது சற்றுக் குறைவாக இருக்கும். ஏன்?

2. டயரில் 47-559 என்று இருந்தால் சக்கரத்தின் வெளி விட்டம் என்ன?

3. கல்லின் உயரம் 3 செ.மீ. ஆனால், 33, 36 செ.மீ. ஆரங்களுக்குத் தேவையான விசைகள் யாவை? எடை 40 கிலோகிராமே.

விடைகள்: 1. உங்கள் எடையால் டயர் தரையில் அமுங்கி, ஆரம் குறைகிறது. 2. 653 மி.மீ. 3. ஏறக்குறைய 18.3, 17.4 கிலோகிராம் எடை.