பெயர் சொல்லி அழைக்கும் வைத்தியம்

வேதபாகம்: ஏசாயா 56:3-5, அப்போஸ்தலர் 8:26-39



கம்பத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். பெரிய ஆபரேஷன் என்றால் நம் பள்ளத்தாக்கு ஜனங்கள் பஸ் ஏறி அங்கே போகிறார்கள். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவரும், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவரும், கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ தமக்குத் தெரிந்த டாக்டரிடமே போகிறார்கள். ஒரு திருநங்கைக்கு அப்படித் தெரிந்த டாக்டர் ஒருவர் உண்டா? இந்தப் பாடத்தில் நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி இதுவே.

பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்கிறவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக உணர்ந்து வாழ்கிறவர் திருநம்பி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 22 ஆயிரம் பேர் இவ்வகையில் எண்ணப்பட்டார்கள்.

1. சட்டம் திறந்த வாசல்

தமிழ்நாடு அரசு 2008இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்திலுள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இவர்களுடைய வைத்தியத்தையும் அரசின் கடமையாக்கியது.

மருத்துவ உலகமும் மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், இந்த நிலை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. ஒருவருடைய பாலின உணர்வை மாற்றுகிறேன் என்று டாக்டர் சிகிச்சை செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆகவே, பிள்ளையை அழைத்துவந்து, "இவனைச் சரிசெய்து கொடுங்கள், ஐயா" என்று கேட்கும் பெற்றோருக்குக் குடும்ப டாக்டர் பொறுமையோடு உண்மையைச் சொல்லவேண்டும்.

2. ஆபரேஷனுக்குப் பிறகும் உள்ள வாழ்க்கை

திருநங்கை என்றதும் நமக்கு ஆபரேஷன்தான் நினைவுக்கு வருகிறது. ஆபரேஷன் சில நாட்களில் முடிந்துவிடும். சிலர் அதைச் செய்துகொள்வதுமில்லை. சரீரத்தைக் கவனிப்பதோ ஆயுள்முழுதும் நடக்கவேண்டிய காரியம்.

டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாங்களாகவே அளவு கூட்டிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புகைபிடிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பிக்குச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டிப்படலாம். பொட்டாசியமும் சிவப்பணுவும் ஏறுவதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தால் போதும்.

விரைகளை அகற்றியபின் ஹார்மோன் மருந்தை விட்டுவிட்டால் எலும்பு பலவீனப்படும். வைத்தியம் படிக்காதவர் கையால் அறுத்துக்கொண்டவருக்குச் சிறுநீர்ப் பாதை சுருங்கி அடைபடலாம். முறையான ஆபரேஷனுக்குப் பின்னும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேதான் இருக்கும். கர்ப்பப்பை வாய் அகற்றப்படாத திருநம்பிக்கு அங்கே புற்றுநோய் உண்டா என்ற பரிசோதனையும் தேவை. தோற்றத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், இருக்கிற உறுப்புகளுக்கு ஏற்றபடி வைத்தியம் செய்வதே முறை.

மனச்சோர்வையும் டாக்டர் விசாரிக்கவேண்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்குத் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் வருவது அபூர்வமல்ல. எச்.ஐ.வி. பரிசோதனையைச் சம்மதத்தோடு செய்யலாம். இருமலென்று வந்தவரிடம் அதையே முதல் கேள்வியாக்கினால், அவர் மறுமுறை வரமாட்டார்.

3. ஓ.பி. வரிசையில் ஒரு பெயர்

டாக்டருடைய அறைக்குள் வருமுன்பே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. சீட்டில் பழைய ஆண் பெயர் இருக்கிறது. எதிரே சேலை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெயரைக் கூட்டத்தின் நடுவே சத்தமாகக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டால், அவருடைய ரத்தக்கொதிப்பு அன்று அளக்கப்படாது. அழைக்கவேண்டிய பெயரைச் சீட்டின் ஓரத்தில் எழுதிவைக்க ஒரு பேனா போதும். நோய்க்குத் தேவையில்லாத கேள்விகளைத் தவிர்ப்பதற்கும், மறைவாகப் பரிசோதிப்பதற்கும், எந்த வார்டில் படுக்க விருப்பம் என்று கேட்பதற்கும் செலவு ஒன்றுமில்லை.

2019 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த திருநங்கை அன்பு ரூபி, தமிழ்நாடு அரசின் செவிலியராக நியமனம் பெற்றார். கட்டிலில் படுப்பவராக மட்டுமல்ல, கட்டிலருகே நின்று பராமரிப்பவராகவும் அவர்கள் வரக்கூடும்.

4. வேதத்தின் வெளிச்சம்

அண்ணகரும் திருநங்கையரும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் சரீரத்தின் காரணமாகச் சபைக்குப் புறம்பாக்கப்பட்டவரைத் தேவன் எப்படி நடத்துகிறார் என்பதை ஏசாயாவின் பகுதி காட்டுகிறது: தமது ஆலயத்துக்குள் இடமளித்து, அழியாத பெயரையும் தருகிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் நம் பழைய மொழிபெயர்ப்பு மந்திரி என்று சொல்லும் எத்தியோப்பியன், மூலபாஷையில் அண்ணகன் என்றே அழைக்கப்படுகிறான். பிலிப்பு முதலாவது ஒரு கேள்வி கேட்டான். பின்பு இரதத்தில் ஏறி அவனருகே உட்கார்ந்தான். நல்ல டாக்டர் செய்வதும் இதுவே.

இந்தக் காரியத்தில் நம் சபைகளில் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். அவை ஒன்றுபடும்வரை, காலில் உறைந்த ரத்தம் காத்திருக்காது.

சிந்திக்க:
1. உங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் ஒரு திருநங்கை உங்களருகே உட்கார்ந்தால், நீங்கள் இடம் மாறுவீர்களா?
2. உங்கள் தெருவில் இவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் உண்டா?

ஜெபக் குறிப்பு: பள்ளத்தாக்கின் சிறு கிளினிக்குகளில் சேவை செய்யும் டாக்டர்களுக்காகவும், சீட்டு எழுதும் ஊழியர்களுக்காகவும், வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களுக்காகவும் ஜெபிப்போம்.